பள்ளி முடிவுகளில் பெற்றோர், மாணவர் பங்கேற்பு: கேள்வித்தாள் அமைக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. உயர்நிலைப் பள்ளிகளில் முடிவெடுக்கும்போது ஆசிரியர், பெற்றோர், மாணவர், ஊர்மக்கள் ஆகியோருக்கு உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதுதான் என் ஆய்வு. கேள்வித்தாள் எழுதும் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"கூட்டத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்கிறார்கள், ஆனால் போய் உட்கார்ந்து ஏற்கெனவே முடிவான வரவு செலவுக் கணக்கில் கையெழுத்துப் போட்டதையும், கணக்குப் போடும்போதே கருத்துச் சொன்னதையும் எப்படி ஒன்றாக எண்ணுவது? முடிவில் மக்களுக்கு எவ்வளவு அதிகாரம் கிடைக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்ட ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் சொன்ன பங்கேற்பு ஏணியில் 8 படிகள் உண்டு. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது எல்லாம் நடுப்படிகள்தான், அதிகாரத்தைப் பகிர்வது அதற்கு மேலேதான் தொடங்குகிறது. பெற்றோருக்கு இது சரியாகப் பொருந்துகிறது. மாணவர்களுக்கு குழந்தைகளின் பங்கேற்புக்கென ரோஜர் ஹார்ட் 1992இல் அமைத்த ஏணியை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. அதனால் மாணவர் பகுதியை ஒப்புக்குச் சேர்க்க எனக்கு மனமில்லை.

அப்புறம் இன்னொன்று. தலைமை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது ஆசிரியர்கள் மனம் திறந்து எழுதுவார்களா?

பள்ளிக் குழுவில் இருந்தவர்கள், இதுபோல ஆய்வு செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: நிதி, ஒழுங்கு விதி, பாடவேளை என்று முடிவுவாரியாகத் தனித்தனியே கேட்பது நல்லதா, இல்லை பொதுவாகக் கேட்டுவிட்டு நேர்காணலில் துருவுவதா? நீங்கள் பயன்படுத்திய கேள்விகள் இருந்தால் இரண்டு மூன்றாவது கீழே போடுங்கள்.