ராஜா போன பிறகும் குழாயைக் கழுவிய கிழவி

புரட்சி நடந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் யாரோடாவது பழகியிருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் தெரு கூர்க்காதான்.

பழங்காநத்தம் பக்கம் எங்கள் வீடு. 25 வருஷத்துக்கு மேலாக ராத்திரி இரண்டு மணிக்கு விசில் ஊதிக்கொண்டு, கரண்டுக் கம்பத்தை லத்தியால் தட்டிக்கொண்டு போகிறவர் அவர். மாதம் பிறந்ததும் நோட்டோடு வாசலில் வந்து நிற்பார். அப்போது 10 ரூபாய் கொடுப்போம், இப்போது 50. சொந்த ஊர் நேபாளத்தின் தூர மேற்கில் இருக்கும் அச்சாம் மாவட்டம். மலை, கொஞ்சம் வயல், வேலை கிடையாது. அங்கே ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் இந்தியாவுக்கு வந்துவிடுவார்களாம்.

2001 ஜூனில் அவர் மொட்டைத் தலையோடு வந்தார். வீட்டில் யாரும் தவறிவிட்டார்களோ என்று பதறிக் கேட்டேன். "ராஜா செத்துட்டார் அக்கா" என்றார். காட்மாண்டு அரண்மனைக்குள் ராஜா பிரேந்திரா குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட வாரம் அது. பெற்ற தகப்பனுக்கு எடுப்பதுபோல மொட்டை எடுத்திருந்தார், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதே மனிதர் 2008 மே மாதம், மன்னராட்சியே இனி இல்லை என்று அவர்கள் நாட்டு அரசியல் நிர்ணய சபை முடிவெடுத்த செய்தியை நான் சொன்னபோது, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே "போகட்டும்" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

ஏழு வருஷத்தில் ஒரு மனிதர் இப்படி மாறியதுதான் என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. அந்த இடைவெளியில் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். 1996-ல் ராஜா ஆட்சியை எதிர்த்து மாவோயிஸ்டுகள் ஆரம்பித்த சண்டை பத்து வருஷம் நடந்து, 17,000 பேர் வரை செத்துப்போனார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பு என்று மாவோயிஸ்டுகள் ஒரு பக்கம், அவர்களுக்குச் சோறு போட்டாயா என்று ராணுவம் ஒரு பக்கம். தம்பி மகனுக்கு அப்போது 14 வயது, அவனை ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டார். 2005 பிப்ரவரியில், பிரேந்திராவுக்குப் பின் வந்த ராஜா ஞானேந்திரா ஆட்சி முழுவதையும் தன் கையில் எடுத்தபோது போன் லைன் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்தில் நாள் தவறாமல் போய் நின்று, ஊரில் மனைவி இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். மொட்டை எடுத்துக்கொண்ட மனசு அந்த பூத் வாசலில்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகுதான் இன்னொன்றும் சொன்னார். அவர் கொல்லர் சாதி. நம் ஊரில் அதற்கு ஒன்றும் இல்லை, அங்கே கொல்லரைத் தொடமாட்டார்கள். "இங்க எல்லாருக்கும் நான் கூர்க்காதான் அக்கா, யாரும் சாதி கேக்கல" என்றார். உண்மையைச் சொன்னால், பெயரையும் நாங்கள் கேட்டதில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சாதிப் பாகுபாடு கூடாது என்று அங்கே 1963-லேயே, ராஜா காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது. ஊர்க் குழாய்க்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. மற்றவர்கள் பிடித்து முடிக்கும்வரை இவர்கள் குடத்தோடு தள்ளித்தான் நிற்கவேண்டும். 2015-ல் புது அரசியல் சட்டம் வந்து, 2017-ல் இருபது வருஷம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு வார்டிலும் தலைவர் தவிர நான்கு உறுப்பினர்கள், அதில் இரண்டு பேர் பெண்கள், அந்த இரண்டில் ஒருவர் கட்டாயம் தலித் பெண். இப்படி நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் உறுப்பினர் ஆனார்கள். அவர்களில் ஒருத்தி இவருடைய கொழுந்தியாள்! மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போனில் காட்டினார். அப்படிக் காட்டியபோது அவர் முகம் இருந்த இருப்பை எழுத எனக்கு வரவில்லை.

"இப்ப குழாய்ல நேரா தண்ணி பிடிக்கிறாளா?" என்று கேட்டேன். பிடிக்கிறாளாம். ஆனால் மேல்வீட்டுக் கிழவி ஒருத்தி, இவள் பிடித்துவிட்டுப் போனதும் குழாயைக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைக்கிறாளாம். அதே கிழவியின் பேத்தி கழுவுவதில்லை. ராஜா போனது ஒரே நாளில். குழாயில் நடப்பதற்கு ஒரு கிழவியும் அவள் பேத்தியும் தேவைப்படுகிறார்கள்.

அவர் மனைவி இப்போது இங்கேதான் இருக்கிறார், இரண்டு வீட்டில் சமையல் வேலை. ஊருக்கு வரமாட்டேன் என்று பல வருஷமாகப் பிடிவாதம். காரணம் சௌபடி. மாதவிலக்கு நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே மாட்டுக்கொட்டகையிலோ சின்னக் குடிசையிலோ படுக்கவைக்கும் வழக்கம். குளிரிலும் புகையிலும் பாம்பு கடித்தும் பெண்கள் செத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2005-ல் தடை செய்தது, அப்படி வெளியே அனுப்புவது குற்றம் என்று 2017-ல் சட்டமே போட்டார்கள். மாமியார் மட்டும் இன்னும் கொட்டகையைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

மதுரைக்கு வந்த அந்தத் தம்பி மகன் இப்போது ஒரு பாஸ்ட்புட் கடையில் மாஸ்டர், மதுரைத் தமிழ் அப்படிப் பேசுவான். 2025 செப்டம்பரில் அங்கே இளைஞர்கள் போராட்டத்தில் 70-க்கும் மேற்பட்டவர்கள் செத்து, பாராளுமன்றக் கட்டிடம் எரிந்தபோது, அடுப்பை அணைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்டிலிருந்து வந்த மாவோயிஸ்டுகளும் நாற்காலிக்கு வந்தபின் மற்றவர்களைப் போலத்தான் ஆனார்கள் என்று அவனுக்கு ஆத்திரம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் சித்தி நாற்காலி எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்டார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

* * *

அக்கா, குழாய் விஷயத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் உசிலம்பட்டிப் பக்கம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் 1996-ல் தலித்துகளுக்கான ரிசர்வ் பஞ்சாயத்து ஆனதும், பத்து வருஷம் தலைவர் என்று ஒருவரை உட்காரவிடவில்லை. மேலவளவில் தேர்தலில் ஜெயித்த முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். 2006 அக்டோபரில்தான் இந்த மூன்று ஊரிலும் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. நம்மிடம் அரசியல் சட்டம் 1950-லிருந்து இருக்கிறது, அது துப்பாக்கி எடுத்த புரட்சியில் வந்ததில்லை. ஆனாலும் நாற்காலிக்கான கணக்கு ஒன்றாகத்தான் வருகிறது. தேர்தல் வேலைக்குப் போன ஒரு ஊரில், வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் "தம்பி, இந்தத் தடவை உட்கார விடுவாங்களா?" என்று மெல்லக் கேட்டார். ஜெயிப்போமா என்று அவர் கேட்கவில்லை.

* * *

என் ஆச்சி கதை இதற்கு நேர் எதிர். தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. 1962-ல் நே வின் என்ற ராணுவத் தளபதி பர்மா ஆட்சியைப் பிடித்து, தன் ராணுவ அரசுக்குப் புரட்சிகரக் கவுன்சில் என்று பெயர் வைத்தார். கடைகள் அரசுடைமை ஆயின, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆச்சி கப்பலேறும்போது காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அதைவிட ஆச்சிக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. செட்டியாரிடமிருந்து நிலம் கைமாறியதே, அந்தப் பர்மாக்காரக் குடியானவனாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். ஆனால் நெல்லை அரசு சொன்ன விலைக்குத்தான் அவன் போடவேண்டும். உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாடு, 1987-ல் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. "அவனுக்கும் கிடைக்கலயே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் செல்லாத 100 கியாட் நோட்டு ஒன்று திருமங்கலம் வீட்டில் ஆச்சி பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது.

* * *

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் கூர்க்கா அண்ணன் வந்து இரண்டு மாதப் பணத்தை முன்னாலேயே கேட்டார். ஊருக்குப் போகிறாராம். சம்பர்க் கிராந்தி ரயிலில் டெல்லி, அங்கிருந்து பஸ்ஸில் பன்பசா எல்லை, அப்புறம் மலைப்பாதை. தனியாகவா என்று கேட்டேன். இந்தத் தடவை மனைவியும் வருகிறாராம். மாமியாருக்குப் போன் போட்டு, எந்த நாளாக இருந்தாலும் வீட்டுக்குள்ளேதான் படுப்பேன், சம்மதமா என்று நேரடியாகக் கேட்டுவிட்டாராம். "அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன். கிழவி ரொம்ப நேரம் பேசவில்லையாம். பிறகு, உள்ளறையில் ஆட்டுக்குட்டிகள் கிடக்கின்றன, வருவதற்குள் காலிசெய்து வைக்கிறேன் என்றாராம்.