நகர வெள்ளம், தீவிர மழை ஆய்வு: பெங்களூருல பி.எச்டி. ஃபெல்லோஷிப்புக்கு என்ன வழி?

ஈரக்காற்று:
எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர். பெங்களூருல கொட்டித் தீர்க்கிற மழையை வெச்சு பி.எச்டி. பண்ணணும். வானிலையைப் பாடமாப் படிச்சதில்லை. எந்தத் தேர்வு எழுதணும், பணம் எவ்வளவு வரும், நேர்முகத்துல என்ன பார்ப்பாங்க?

தென்மேற்கு:
சிஎஸ்ஐஆர் நெட் (ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு), கேட் (பொறியியல், அறிவியல் மேற்படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) ரெண்டும் எழுதுங்க. நெட் ரிசல்ட் தள்ளிப்போச்சுன்னா ஐஐஎஸ்சி (பெங்களூரு இந்திய அறிவியல் கழகம்) சேர்க்கைக்கு உதவாது. கேட் மதிப்பெண் 3 வருஷம் செல்லும். நெட்ல புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாள் எடுத்தா, சி பகுதில 80 கேள்விக்கு 25 எழுதினாப் போதும். ஒவ்வொண்ணும் 4 மார்க். ஜியாலஜியைத் தொடாமலே வளிமண்டலம், கடல்னு பொறுக்கி எடுத்துக்கலாம். பி பகுதில அது நடக்காது, 50ல 35 எழுதணும். அங்கதான் இயற்பியல் பிள்ளைங்க சறுக்கறாங்க.

நெட் மூலமா கிடைக்கிற ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாசம் 37,000 ரூபாய், 2 வருஷம். அப்புறம் மதிப்பீடு முடிஞ்சு எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனா 42,000. விடுதில இடம் கிடைச்சா வாடகைப்படி கிடையாது.

மழைமானி:
தேர்வு கதவைத் திறக்கும், அவ்வளவுதான். ஆய்வுத் திட்டத்துல "காலநிலை மாற்றமும் பெங்களூரு மழையும்"னு எழுதிட்டுப் போகாதீங்க. எந்தத் தரவு, அது எதைக் காட்டும், எதைக் காட்டாதுன்னு சொல்லத் தெரியணும்.

இந்திய வானிலைத் துறையோட கட்டத் தரவு (நாட்டைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மழை அளவு தர்றது) 0.25 டிகிரி, 1901லேருந்து தினசரி இருக்கு. ஆனா ஒரு கட்டம் சுமார் 27 கி.மீ. அகலம், பெங்களூரு பரப்பளவுக்கு ஏறக்குறைய ஒரே கட்டம்தான். 2005 ஜூலை 26 மும்பையை நினைச்சுப் பாருங்க: சாந்தாகுரூஸ்ல 944 மி.மீ., கொலாபால 73 மி.மீ. தான். இதைச் சராசரி பண்ணினா வெள்ளமே காணாமப் போயிடும். நகர மழைக்கு, கர்நாடக பேரிடர் கண்காணிப்பு மையத்தோட தானியங்கி மழைமானித் தரவைக் கேட்டு வாங்கப் பாருங்க.

இன்னொண்ணு, எல்லாரும் கோட்டை விடற இடம். வானிலைத் துறையோட மழை நாள் காலை 8.30 மணிக்கு முடியுது, அதாவது உலக நேரம் (UTC) 03 மணி. இஆர்ஏ5ஐ (ஐரோப்பிய வானிலை மையத்தோட மணிவாரித் தரவு) உலக நேரம் 00லேருந்து 24 வரைக்கும் கூட்டி அதோட ஒப்பிட்டா, ராத்திரிப் பெய்ஞ்ச மழை வேற தேதில போய் உக்காரும், ரெண்டு தரவுக்கும் உள்ள ஒட்டுறவு சரிஞ்சிடும். முந்தின நாள் 04 மணிப் பதிவுலேருந்து அன்னைக்கு 03 மணிப் பதிவு வரைக்கும் கூட்டுங்க. இஆர்ஏ5 மழை மீட்டர்ல இருக்கும், மி.மீ. ஆக்க 1000ஆல பெருக்கணும்.

கார்முகில்:
மழைமானி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க: கட்டத் தரவுக்கு மழை அளக்கிற நிலையங்களோட எண்ணிக்கை வருஷாவருஷம் மாறியிருக்கு. அதைச் சரிபார்க்காம "கனமழை கூடுது"ன்னு போக்குக்கோடு போட்டா, நேர்முகத்துல முதல் கேள்வியே அங்கதான் விழும்.

மத்தபடி இயற்பியல் அடிப்படைதான் கேப்பாங்க. ஒரு டிகிரி சூடு ஏறினா காத்து தாங்கக்கூடிய ஈரம் ஏன் சுமார் 7% கூடுதுன்னு கிளாசியஸ்-கிளாபேரான் சமன்பாட்டைப் பலகையில எழுதிக் காட்டத் தெரியணும். "அப்போ மழையும் அதே 7% கூடுமா?"ன்னு அடுத்தது வரும். காத்து மேலெழும்பற வேகம் மாறினா ஒரு மணி நேர மழை அதைத் தாண்டலாம், குறையவும் செய்யலாம். இதைச் சொல்லிட்டா பேச்சு உங்க கைல.

ஈரக்காற்று:
8.30 விஷயம் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. கட்டத் தரவு .grd கோப்பைப் பைத்தான்ல திறந்தா சில இடத்துல மழை மைனஸ்ல வருதே?

மழைமானி:
-999னா அங்க தரவு இல்லைன்னு அர்த்தம். சராசரி எடுக்கறதுக்கு முன்னாடியே நீக்கிடுங்க.