புதுப்பிப்பு: பிரெஞ்சில் 'போயிருப்பேன்'

நடக்காமல் போனதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். கல்லடியில் எங்களோடு படிக்கும் அக்காவும் பாரிஸில் இருக்கும் மச்சாளும் விளக்கியதில் இப்போது நல்ல தெளிவு.

அவுவார் (avoir, 'உடைத்தாயிரு') அல்லது எத்ர் (être, 'இரு') என்ற துணைவினை நிபந்தனை வடிவில் வரும், பின்னால் முக்கிய வினையின் இறந்தகால எச்சம். 'ஜோரே மான்ஜே' என்றால் சாப்பிட்டிருப்பேன். போதல், வருதல் போன்றவற்றுக்கு எத்ர்: 'ஜ ஸெரே அலே', போயிருப்பேன். பெண் சொன்னால் எழுத்தில் கடைசியில் ஓர் எழுத்து கூடும், உச்சரிப்பு மாறாது.

கவனம் வேண்டியது 'ஸி' (si, '-ஆல்' என்ற நிபந்தனை) வரும் பாதியில்தான். அங்கே 'ஓரே', 'ஸெரே' என்ற நிபந்தனை வடிவம் வரவே கூடாது, ப்ளூ-க-பர்ஃபே (முன்பே முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம், 'ஜாவே ப்ரி' போல) மட்டுமே. 'ஸி ஜாவே ப்ரி ல த்ரான், ஜ ஸெரே அரிவே': ரயிலை எடுத்திருந்தால் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்திருப்பேன் என்று நாங்கள் சொல்வோமே, அதே அடுக்கு. செய்யாததற்கு வருந்த 'ஜோரே து' (செய்திருக்க வேண்டும்) போதும்.

அப்புறம், மச்சாள் சொன்ன இன்னொன்று மிகவும் பிடித்தது. செய்திகளில் உறுதியாகாத தகவலுக்கும் இதே வடிவம்தான். 'இல் ஸெரே பார்த்தி' என்றால் அவர் புறப்பட்டுவிட்டதாகத் தகவல், அவ்வளவே. பரீட்சையில் வாசிப்புப் பகுதியில் இதைக் கண்டால் 'புறப்பட்டார்' என்று நிச்சயமாக எழுதிவிடாதீர்கள்.