ஹேர்வுட் குத்தகைக் கணக்கு, எக்செல்ல எப்படி ஏத்துறது?

மக்களே வணக்கம், லீட்ஸ்ல எம்ஏ படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு ஹேர்வுட் லஸ்ஸல்ஸ் குடும்பத்தோட எஸ்டேட் கணக்கை எடுத்திருக்கேன். யார்க்‌ஷயர் ஜமீன்னு வச்சுக்கோங்க. எஸ்டேட் பேப்பர் எல்லாம் லீட்ஸ் ஆவணக்காப்பகத்துல இருக்கு, பார்படோஸ் கரும்புத் தோட்ட பேப்பர் கொஞ்சம் யார்க் யுனிவர்சிட்டியோட போர்த்விக் ஆவணக்காப்பகத்துல. பணமே அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்துச்சு, அடிமை முறை ஒழிஞ்சப்போ 1277 அடிமைங்களை இழந்ததுக்கு நஷ்டஈடுன்னு 26 ஆயிரம் பவுண்டுக்கு மேல வாங்கியிருக்காங்க, அதுவும் முதலாளிக்கு, உழைச்சவங்களுக்கு ஒத்த பைசா இல்ல.

சரி விஷயத்துக்கு வரேன். 1740கள் கணக்குல நிலம் ஏக்கர், ரூட், பெர்ச்னு மூணு காலம்ல (column) இருக்கு, 4 ரூட் ஒரு ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட், அப்போ 12-3-20ன்னா 12.875 ஏக்கர், இத மாத்தி ஏத்தவா இல்ல மூணு column-ஆவே விடவா? பவுண்டு ஷில்லிங் பென்ஸும் இதே கதைதான், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, இந்த 12க்கும் 20க்கும் நடுவுல மாட்டிட்டு முழிக்கிறேன்.

அதவிட பெரிய தலைவலி தேதி. 1752க்கு முன்னாடி அங்க வருஷமே மார்ச் 25லதான் பொறக்கும், அப்போ ஜனவரி 1740ன்னு எழுதியிருந்தா நம்ம கணக்குல 1741, ரெண்டு வருஷத்தையும் தனித்தனி column-ஆ போட்டா கைடு திட்டுவாரா?

பழைய ரெவென்யூ ரெக்கார்டு, செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் ஏத்தின அனுபவம் உள்ள அண்ணா அக்கா யாராச்சும் இருந்தா உங்க ஷீட்ல column எப்படி பிரிச்சீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ், ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டாலே போதும்.