புதுப்பிப்பு: பந்தல்குடி வாய்க்கால், மழைக்குப் பிறகு
போன வாரம் மதுரையில் இந்த வாய்க்காலின் நாற்றத்தைப் பற்றி எழுதியபோது, ஒரு நல்ல மழை வந்தால் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று சொல்லியிருந்தேன், அது தவறு. முந்தாநாள் மழை பிடித்த அரை மணி நேரத்தில் செல்லூர்ப் பக்கம் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன், கன்னங்கரேல் என்று இருந்தது, மேலே எண்ணெய்ப் படலம் வேறு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்க மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும் வீழ்படிவு வெள்ளையாகவே நின்றது; ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகும். குளிக்கத் தகுந்த நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும். முதல் மழைதான் தெரு அழுக்கையும் அடிச் சேற்றையும் கிளப்பிவிடுகிறது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் இளம்பழுப்பு தெரிந்தது, அப்பாடா என்றிருந்தது. அப்புறம், தூர்வாரினால் போதாதா என்று கேட்டவருக்கு: கண்மாய் நிரம்பி வெளியேறும் மறுகால் தண்ணீர் வைகைக்குப் போகிற வழி இது, சாக்கடையைப் பிரிக்காமல் தூர் மட்டும் வாரினால் அழுக்கு இன்னும் வேகமாக ஆற்றுக்குப் போகும். அடுத்த மழைக்கும் போகிறேன்.