கிடைமட்ட சூரிய கடிகாரம்: 12 மணி சரி, 3 மணி தப்பு

கேள்வி: தட்டில் 15 டிகிரிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். நண்பகலில் ஒத்துப்போகிறது, பிற்பகலில் ரொம்பவே விலகுகிறது. எங்கே பிசகு?

பதில் 1: கோடுகளில்தான். சம இடைவெளி, முள்ளுக்கு (நிழல் விழுத்தும் சாய்ந்த பாகம்) செங்குத்தான தட்டுக்கே பொருந்தும். கிடைத்தட்டில், 12 மணிக் கோட்டிலிருந்து அளக்கும் கோட்டுக் கோணத்தின் டேன் (tan) = அட்சரேகையின் சைன் (sin) × (நண்பகலிலிருந்து மணி × 15°)-இன் டேன். 40° அட்சரேகையில் 3 மணிக் கோடு 32.7°-இல் விழ வேண்டும். நீங்கள் 45°-இல் போட்டதால் நிழல் 2:11 என்று காட்டும். முள்ளின் சாய்வும் அட்சரேகை அளவே இருக்கட்டும்.

பதில் 2: முள்ளின் தடிப்பையும் கவனியுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். 5 மி.மீ. தடிப்பென்றால் 12 மணிக் கோட்டை 5 மி.மீ. பிளந்து, காலைக்கும் மாலைக்கும் தனித்தனி மையம் வையுங்கள். திசைகாட்டியின் வடக்கு போதாது, மெய்வடக்கு (புவியின் வடமுனை இருக்கும் திசை) வேண்டும்.

பதில் 3: அதன்பிறகும் சாதாரணக் கடிகாரத்தைவிட இது நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். பழுதல்ல, பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து செய்வது. திருத்த அட்டவணையைத் தட்டிலேயே பொறித்தால் அழகும்கூட.