தாய் மீனுக்கு மீன் எண்ணெயும் வைட்டமினும் வேண்டுமா, ஊசி போதாதா?

குளத்துமேடு:
போன பருவத்தில் கட்லா கெண்டைத் தாய் மீன்களுக்கு முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி போட்டேன். முட்டை நிறையத்தான் இட்டது. ஆனால் ஹாப்பாவில் (முட்டை பொரிக்கத் தண்ணீரில் கட்டும் துணித் தொட்டி) பாதிக்கு மேல் வெள்ளை வெள்ளையாகிச் செத்துவிட்டது. தை மாதத்திலிருந்து தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீனி. தீவனக் கடைக்காரர் மீன் எண்ணெய், வைட்டமின் இ, சி மூன்றையும் கலக்கச் சொல்கிறார். பலன் உண்டா?

ஹாப்பா77:
விற்கிறவர் வேறென்ன சொல்வார்? 1957இல் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாறு ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தாரே, அப்போது எந்த வைட்டமின் டப்பா இருந்தது? பதினைந்து வருடமாக எனக்குத் தவிடு, புண்ணாக்குதான்.

சினைக்காரன்:
ஊசி முட்டையை வெளியே வரவைக்கும், அவ்வளவுதான். முட்டைக்குள் மஞ்சள்கரு மாசக்கணக்கில் தீனியிலிருந்துதான் சேரணும். வைட்டமின் சியைக் கெண்டையின் உடம்பு தானாகத் தயாரிக்காது. கடலைப் புண்ணாக்கில் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். புண்ணாக்கை மட்டும் அள்ளிப் போட்டால் முட்டைப்பையைச் சுற்றிக் கொழுப்புதான் கட்டும். செத்த தாய் மீன் ஒன்றைக் கீறிப் பாருங்கள், தெரியும். புவனேஸ்வர் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் ‘சிஃபாபுரூட்’ என்று தாய் மீனுக்கென்றே தனித் தீவனம் கொண்டுவந்தது சும்மாவா?

ஹாப்பா77:
கட்லா மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும் மீன். சாணி கரைத்துத் தண்ணீரைப் பச்சையாக வைத்தால் நீங்கள் சொல்லும் கொழுப்பும் சத்தும் அதிலேயே கிடைக்கும்.

சினைக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன், குளத்தில் நெருக்கம் இல்லாதவரை. குளத்துமேடு, எத்தனை கிலோ விட்டிருந்தீர்கள்?

குளத்துமேடு:
அரை ஏக்கரில் 900 கிலோ.

ஹாப்பா77:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! தாய் மீன் எக்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) 1500 முதல் 2000 கிலோதான் விடுவார்கள். உங்கள் குளம் 400 கிலோ தாங்கும். பாதிக்கு மேல் வேறு குளத்துக்கு மாற்றுங்கள், எண்ணெய்க் காசு மிச்சம்.

சினைக்காரன்:
மாற்ற இடமில்லாதவர் என்ன செய்வார்? அவருக்குத்தான் எண்ணெய். ஆனால் மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்குங்கள். காறல் வாடை அடித்தால் அந்த எண்ணெயே வைட்டமின் இயைத் தின்றுவிடும். வைட்டமின் சியைச் சூடான தவிட்டுக் கூழில் கொட்டினால் அதுவும் வீண்; ஆறவைத்துக் கலக்கணும். வைகாசியில் ஆரம்பித்தால் பிரயோஜனம் இல்லை, தையிலேயே தொடங்கணும்.

ஹாப்பா77:
ஒரு கேள்வி. வெள்ளை முட்டை என்றதும் எல்லாரும் தாய் மீனையே பார்க்கிறோம். கருவுறாத முட்டையும் வெள்ளையாகத்தான் போகும். ஆண் மீனின் வயிற்றை லேசாகத் தடவினபோது விந்துப் பால் கெட்டியாக வந்ததா, தண்ணியாக வந்ததா? முன்துடுப்பு சொரசொரப்பாக இருந்ததா?

குளத்துமேடு:
பார்க்கவில்லை. ஆண் எல்லாம் பெரிசாக இருந்தது என்று அப்படியே ஊசி போட்டுவிட்டேன்.